தோலுக்கு என்ன தெரியும்?

உடம்புக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே நிற்கிற சுவரின் கனம், உள்ளங்கை உள்ளங்காலை விட்டுவிட்டால், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 50-இல் ஒரு பங்கு. தோலின் மேலடுக்கு அது. செத்துத் தட்டையாகிப்போன செல்கள் பதினைந்து இருபது வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றின் இடைவெளியில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் கலந்த பூச்சு. செங்கல்லும் காரையும் போல என்று தோல் ஆய்வாளர்கள் சொல்வார்கள். உடம்பின் ஈரம் ஆவியாகிப் போகாமல் பிடித்து வைப்பதும், கிருமியை வெளியே நிறுத்துவதும் இந்தக் காரைதான். சில வாரங்களில் பழைய அடுக்கு முழுவதும் உதிர்ந்து புதிய அடுக்கு மேலே வந்துவிடும்.

'நூறு சதவீதம் இயற்கை', 'ரசாயனம் இல்லாதது' என்று எழுதிய டப்பாக்கள் இன்று எல்லாக் கடைகளிலும் இருக்கின்றன. பூசும் பொருள் தோட்டத்திலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று இந்தச் சுவரால் கண்டுபிடிக்க முடியாது. தன்மேல் படுகிற மூலக்கூறு எது, எவ்வளவு என்பதற்கு ஏற்பத்தான் அது நடந்துகொள்ளும்.

நம் தோல் புளிப்பானது. 1928-இல் ஷாடே, மார்கியோனினி என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதற்கு 'அமிலப் போர்வை' என்று பெயர் வைத்தார்கள். வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம், எண்ணெய்ப் பசையிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்து தோலின் பி.எச். அளவை 5-க்குப் பக்கத்தில் வைத்திருக்கின்றன. செராமைடைத் தயாரிக்கிற நொதிகள் இந்தப் புளிப்பில்தான் ஒழுங்காக வேலை செய்யும். காரத்தன்மை ஏறினால் அவை மந்தமாகி, செல்களைப் பிரித்து உதிர்க்கிற நொதிகளின் கை ஓங்கிவிடும்.

இப்போது சோப்புக்கு வருவோம். நல்ல செக்குத் தேங்காய் எண்ணெயையே எடுத்து, காஸ்டிக் சோடாக் கரைசல் ஊற்றிக் கிளறினாலும் கிடைப்பது பி.எச். 9, 10 அளவுள்ள காரப் பொருள்தான். வேம்பு, துளசி, ஆட்டுப்பால் எது சேர்த்தாலும் சோப்பு சோப்பாக இருக்கிறவரை இந்தக் காரம் போகாது. பி.எச். அளவில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. 5-இலிருந்து 9 என்றால் 10,000 மடங்கு. குளித்தபின் தோல் பழைய புளிப்புக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கும். மாறாக, ஆலையில் செயற்கையாகச் செய்கிற 'சின்டெட்' கட்டியை பி.எச். 5.5-க்கே அமைத்துவிடலாம். கரப்பான் உள்ள குழந்தைகளுக்குத் தோல் மருத்துவர்கள் பெரும்பாலும் அதை எழுதிக் கொடுப்பது இதனால்தான்.

ஆனால் நம் சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் இந்தக் கணக்கில் தள்ளிவிட முடியாது. பூந்திக்கொட்டைத் தோலை இரவு ஊறவைத்து, காலையில் கையால் கசக்கிப் பாருங்கள். கிண்ணம் நிறைய நுரை பொங்கும். சபோனின் என்ற மூலக்கூறின் வேலை அது. அதன் ஒரு பக்கம் சர்க்கரை, தண்ணீரோடு ஒட்டும். மறுபக்கம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ஆலைச் சவர்க்காரமும் இதே முறையில்தான் அழுக்கை எடுக்கிறது. சோப்பைப் போலக் காரம் ஏறாமல், லேசான புளிப்போடு இந்த வேலையைச் செய்வது சபோனினின் சிறப்பு.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சான்று வங்கதேசத்திலிருந்து வருகிறது. டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு நாள்தோறும் சூரியகாந்தி எண்ணெய் தடவினார்கள். அந்தச் சிசுக்களின் மேல்தோல் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. கிருமிகள் அதன் வழியே இரத்தத்துக்குள் போய்விடும். எண்ணெய் தடவிய குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம் அதிகம். நம் உடம்பால் தானாகத் தயாரிக்க முடியாத கொழுப்பு அது. மேல்தோலின் முக்கியமான ஒரு செராமைடுக்கு அதுவே மூலப்பொருள். தடவிய எண்ணெயைத் தோல் எடுத்துத் தன் காரையில் சேர்த்துக்கொள்கிறது!

அதே மருத்துவமனையில் இன்னொரு பிரிவுச் சிசுக்களுக்கு பெட்ரோலியத்திலிருந்து எடுத்த களிம்பைத் தடவினார்கள். 2008-இல் இறப்பு விகிதத்தைக் கணக்கிட்டபோது, எதுவும் தடவாத சிசுக்களைவிடச் சூரியகாந்தி எண்ணெய்ப் பிரிவில் 26 சதவீதமும் களிம்புப் பிரிவில் 32 சதவீதமும் குறைந்திருந்தது. இரண்டும் உயிர் காத்தன. ஆலிவ் எண்ணெயோ, அதுவும் இயற்கையானதுதான், ஓலியிக் அமிலம் மிகுந்திருப்பதால் மேல்தோலின் அடுக்கைக் குலைக்கிறது என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2013-இல் காட்டியது.

கிரீமில் போடும் பதப்பொருள் பற்றிய பயமும் இங்கே பேச வேண்டியது. நலங்கு மாவு மாதக்கணக்கில் கெடாது. அதில் தண்ணீர் இல்லை, கிருமி வளர வழியில்லை. தண்ணீர் கலந்த கிரீம் அப்படியல்ல. பதப்பொருள் இல்லாவிட்டால் அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். பாராபென் என்ற பதப்பொருள் வகை மீது எழுந்த பயத்தால் நிறுவனங்கள் பலவும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற மாற்றுக்குப் போயின. அதனால் ஒவ்வாமை பரவி, அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல்நோய்ச் சங்கம் 2013-இல் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. அதே சங்கம் 2019-இல் பாராபென்களை 'ஒவ்வாமை தராத பொருள்' என்று அறிவித்தது. சில வகைப் பாராபென்களை ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தடை செய்ததும் உண்மை. ஆக, எந்த வகை என்று பார்த்துத்தான் பேச வேண்டும்; 'பாராபென்' என்ற பெயரை மட்டும் பார்த்து ஓடுவது பயன் தராது.

வீட்டில் அரைத்த மாவும் சீயக்காயும் ஒத்துக்கொண்டால் தாராளமாகத் தொடருங்கள்; விலை குறைவு, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சை வகைகளில், தோலியில் அதிகமாக, இருக்கும் ஃபியூரானோகூமாரின் வெயில் பட்டதும் கொப்புளத்தையும் கருந்திட்டையும் உண்டாக்கும். மருதாணி இலையின் லாசோன் சிவப்பும் செம்பழுப்புமாகத்தான் பிடிக்கும். கோனில் வாங்கியது கன்னங்கரேலென்று பிடித்தால் அதில் பி.பி.டி. என்ற தலைச்சாயப் பொருள் கலந்திருக்க வாய்ப்புண்டு. குழந்தைகளின் கையில் அதை வைக்கவே வேண்டாம். பூசிவிட்டுக் கழுவாமல் விடுகிற எந்தப் புதிய பொருளையும், இயற்கையோ செயற்கையோ, முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரித்தாலோ தடித்தாலோ நிறுத்திவிடுங்கள். முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.