பூ வரவேண்டிய இடத்தில் ஒரு சாட்டை

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவில் மகாவலி கடலோடு கலக்கிறது. வறண்ட வலயம் என்று பெயர்பெற்ற இந்தப் பக்கத்திலும், ஆற்றோரத்தையும் குளக்கரையையும் நம்பி வாழ்கிற ஒரு பிரம்பு உண்டு. இலங்கைக் காடுகளுக்குரிய பத்துப் பிரம்பினங்களில் பல, தென்மேற்கின் ஓயாத மழையை விட்டு நகர்வதில்லை. இதுவோ மாரியில் வெள்ளத்தையும் கோடையில் வெக்கையையும் தாங்கும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குக் கலாமஸ் ரொட்டாங் என்று பெயரிட்டார். தென்னிந்தியாவிலும் வளர்வது இதே இனம்.

பனைக்கும் தென்னைக்கும் இது உறவு. ஆனால் அவற்றைப்போல் தனித்து நிற்க இதனால் ஆகாது. விரல் பருமன் தண்டு; வெளிச்சமோ மரங்களின் உச்சியில். அந்த உயரத்துக்குப் படைத்தவன் வைத்த வழியை எண்ணும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது. இலையுறையிலிருந்து பூங்கொத்து புறப்படவேண்டிய இடத்தில் நீண்ட சாட்டை ஒன்று புறப்படுகிறது. உண்மையில் அது பூக்காத பூங்கொத்தே. அதன் நெடுகப் பின்னோக்கி வளைந்த முட்கள், தூண்டில் முள்ளைப்போல. காற்று சாட்டையை வீசுகிறது, கிளை அகப்படுகிறது, அகப்பட்ட பிடி பின்னால் வழுக்காது. கீழே இலையுறைகள் காய்ந்து உதிர, முள்ளில்லாத வழுவழுப்பான தண்டு வெளிப்படும். நாம் கதிரையும் கூடையும் பின்னுவது அதில்தான்.

அந்தத் தண்டுக்குள் இன்னொரு அற்புதம். மரங்கள் ஆண்டுதோறும் பருத்து, புதிய நீர்க்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். பிரம்பு பருப்பதில்லை. தண்டின் ஒவ்வொரு பகுதியும் வளர்ந்தபோது அதில் அமைந்த குழாய்களே, உச்சியின் கடைசி இலைவரைக்கும், அந்தத் தண்டு வாழும் நாள்வரைக்கும் தண்ணீர் சுமக்கவேண்டும். சில இனங்களில் அது நூறு மீட்டரையும் தாண்டிய பயணம்.

புராணத்தில், பிட்டுக்கு மண் சுமந்த சிவபெருமானைப் பாண்டியன் அடித்ததும் பிரம்பால்தான். அந்த அடி எல்லா உயிர்மேலும் பட்டது என்பார்கள். ஆற்றங்கரையில் நின்ற பிரம்பின்மேலும் பட்டிருக்கும் என்றே நம்புகிறேன்.

ஒவ்வொரு தண்டுக்கும் குருத்து ஒன்றுதான். வெட்டினால் அந்தத் தண்டு அதோடு சரி. தூரிலிருந்து புதுத்தண்டு கிளம்பலாம். விதைக்கு அது போதாது. ஆண் ஒரு செடி, பெண் ஒரு செடி; இரண்டும் பூக்கும்வரை ஒரே கரையில் விடப்பட்டால்தான், செதில் செதிலாய் ஓடு போர்த்திய அந்தச் சிறு பழம் காய்க்கும்.