கட்டை விழுந்தால் பாடம்

இரண்டு வயதுக் குழந்தையிடம் மரக்கட்டைகளைக் கொடுத்தால் அது உடனே வீடு கட்ட உட்கார்ந்துவிடாது. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அறை மாற்றி அறை நடக்கும். இரண்டைத் தட்டிச் சத்தம் கேட்கும். வரிசை பிறகு வரும், அடுக்கு அதற்கும் பிறகு. பொழுதுபோகாத வேலையாகத் தெரியும் இதில் ஓர் ஒழுங்கு இருப்பதை நியூயார்க்கில் நர்சரிப் பள்ளி நடத்திய ஹேரியட் ஜான்சன் கண்டுகொண்டு 1933-இல் எழுதி வைத்தார். சுமப்பது, அடுக்குவது, பாலம் போடுவது, நாலு பக்கமும் அடைப்பது, இருபுறமும் ஒரே மாதிரி வைத்து அழகு பார்ப்பது என்று போய், கடைசியில்தான் ‘இது ஸ்டேஷன், இது கப்பல்’ என்கிற கட்டம்.

இதில் பாலம்தான் பெரிய தாண்டல். இரண்டு கட்டைகளை நிறுத்தி, மூன்றாவதைக் குறுக்கே வைக்க வேண்டும். இடைவெளி கூடிவிட்டால் மேல்கட்டை நடுவே விழுந்துவிடும். அளக்க ஸ்கேல் கிடையாது, கண்ணும் கையும்தான். ஒரு கால்கட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மேல்கட்டையை மறுபடி வைத்து, அது சாய, இன்னும் கொஞ்சம் தள்ளி... பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் கை துறுதுறுக்கும். நீட்டாமல் இருப்பது நல்லது. எங்கே தவறு என்பதைக் கட்டையே விழுந்து சொல்லிவிடுகிறது, திட்டுவதும் இல்லை.

இன்று பல நாட்டு நர்சரிகளில் இருக்கும் ‘யூனிட்’ கட்டைகள் கேரலைன் பிராட் வடிவமைத்தவை. தச்சுவேலை கற்ற ஆசிரியை அவர். 1914-இல் நியூயார்க்கில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். அவருடைய அடிப்படைக் கட்டையின் கனம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கும். அரைக்கட்டை இரண்டு சேர்ந்தால் ஒரு கட்டை, அது இரண்டு சேர்ந்தால் இரட்டைக் கட்டை. நீளக்கட்டை தீர்ந்துபோன நாலு வயதுப் பிள்ளை, சிறியதை இரண்டாக ஒட்டி வைத்துச் சமாளிக்கிறது. பின்னம் என்ற பாடம் அதன் நோட்டுக்கு வர இன்னும் சில வருடங்கள் ஆகும். பிராட்டின் கட்டைகளில் வர்ணம் இல்லை, எழுத்தும் இல்லை. ஏ, பி, சி அச்சடித்த கட்டையைத் தேடி வாங்கும் பெற்றோருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

கற்பது எப்போதும் ஏறுமுகமாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 1970-களில் ஜெனீவாவில் அனெட் கார்மிலாஃப்-ஸ்மித்தும் பேர்பெல் இன்ஹெல்டரும் ஒரு சோதனை செய்தார்கள். குறுகலான ஒரு தாங்கியின் மேல் கட்டைகளைச் சாயாமல் நிறுத்த வேண்டும். சில கட்டைகள் சாதாரணமானவை. சிலவற்றில் ஒரு முனைக்குள் மட்டும் வெளியே தெரியாதபடி பாரம் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. நாலைந்து வயதுக் குழந்தைகள் கட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கைக்குத் தட்டுப்பட்ட பாரத்தை வைத்தே நிறுத்திவிட்டார்கள். ஆறேழு வயதுக்காரர்களோ தடுமாறினார்கள். எல்லாக் கட்டையையும் சரிநடுவில் வைத்தார்கள். பாரம் ஒளித்தது விழுந்தது. திரும்பவும் நடுவிலேயே வைத்து, கடைசியில் அது நிற்காத கட்டை என்று ஒதுக்கினார்கள்.

மார்க் போடும் பழக்கமுள்ளவர்கள் இதைப் பின்னடைவு என்பார்கள். ஆனால் சின்னவர்களிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் வந்திருந்தது: நடுவில் வைத்தால் நிற்கும் என்ற சொந்த விதி. பெரும்பாலான கட்டைகளுக்குப் பொருந்தும் விதிதான் அது. எட்டொன்பது வயதுக்காரர்களும் அதை விட்டுவிடவில்லை. சாய்கிற கட்டையின் எந்த முனை கனக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகத் தாங்கி வருமாறு நகர்த்தி நிறுத்தினார்கள்.