மணலும் அறிவும்: புல்மோட்டைக் கனிய மணலை முன்வைத்து இயற்கைவளக் கல்வி பற்றிச் சில குறிப்புகள்

'இயற்கை வளம்' என்னும் தொடர் இன்று பல்கலைக்கழகத் துறைகள் சிலவற்றின் பெயராகவும் அமைந்துவிட்டது. அத்துறைகள் வெளியிடும் செய்தி ஏடுகளைப் புரட்டுமிடத்து வெளிக்களப் பயணம், கருத்தரங்கு, ஏதேனுமொரு கம்பனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கை என்பனவே பெரும்பாலும் காணக்கிடக்கின்றன. இவை வேண்டாதன என்பது எமது கருத்தன்று. ஆயின், இயற்கையில் உள்ள ஒரு பொருள் எவ்வாறு, யாருக்காக 'வளம்' ஆகின்றது என்ற வினா அவற்றில் எழுவது அரிது. தொல்காப்பியர் கருப்பொருள்களை நிரற்படுத்துகையில் 'செய்தி' என்ற சொல்லாற் குறித்தது அவ்வந்நில மக்களின் தொழிலையே. நிலத்தைப் பேசுங்கால் அந்நிலத்தில் நிகழும் உழைப்பையும் உடன்பேசிய அம்மரபு, இன்றைய செய்தி ஏடுகளில் அற்றுப்போயிற்று எனலாம்.

மேற்படி வினாவை ஆராய்வதற்குத் திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளிப் பிரதேசத்தின் வடபால் அமைந்த புல்மோட்டை தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அங்கே ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளத்திற்கும் சராசரி 100 மீற்றர் அகலத்திற்கும் கரையோரமாகக் கருமணல் படிந்துள்ளது. உலகிற் செறிவுமிக்க கனிய மணற் படிவுகளுள் ஒன்று இது. இதில் நூற்றுக்கு எழுபது பங்களவு இல்மனைற். எஞ்சியதில் றூற்றைல், சேர்க்கன் ஆகியன குறிப்பிடத்தக்க அளவிலும், தோரியம் அடங்கிய மொனசைற் மிகச் சிறிதளவிலும் உள. மலைநாட்டின் தொன்மையான பளிங்குப் பாறைகள் சிதைந்து, ஆறுகளால் அடித்துவரப்பட்டு, கரையோர நீரோட்டங்களினாற் சேர்க்கப்பட்டமையே இப்படிவின் தோற்றம் என்பர் புவிச்சரிதவியலாளர். சாதாரண மணலின் தன்னீர்ப்பு 2.65, இல்மனைற்றினது ஏறக்குறைய 4.7. எனவே அலை மீளும்போது இலேசான மணல் அடித்துச் செல்லப்பட, பாரமானது கரையில் தங்கிவிடுகின்றது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்துக் கொந்தளிப்பு ஆண்டுதோறும் இவ்வேலையைச் செய்துவருகின்றது.

ஆயினும் இம்மணல் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வெறும் மணலாகவே கிடந்தது. 1791 இல் கோண்வாலில் வில்லியம் கிறெகர் என்னும் பாதிரியார் ஓடையொன்றின் கருமணலில் புதியதொரு மூலகத்தின் தடயத்தைக் கண்டார். 1795 இல் கிளப்ரொத் அதற்குக் கிரேக்கப் புராணத்துப் பூதங்களின் பெயரை இட்டார். அதுவே எமது பாடநூல்கள் தைத்தேனியம் என வழங்கும் உலோகம். அதன் ஒட்சைட்டு மிகத் தூய வெண்ணிறப் பொருள் என்பது அறியப்பட்டும், 1916ஆம் ஆண்டளவில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் அது நிறப்பொருளாகப் பேரளவில் உற்பத்தி செய்யப்படும்வரை, எந்தக் கடற்கரையின் கருமணலுக்கும் அதன்பொருட்டு விலை ஏற்படவில்லை. வெள்ளைப் பூச்சுக்கும் கடதாசிக்கும் பிளாத்திக்குக்கும் கைத்தொழில் நாடுகளில் உண்டான தேவையே இக்கருமணலை வளமாக்கிற்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் வரலாறும் இதனையே உணர்த்தும். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலில் மொனசைற் இருப்பதை ஜெர்மானியரான சொம்பேர்க் 1909 இல் இனங்கண்டார். வாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. கரையில் வாழ்ந்தவர் கையில் மணல் இருந்தது. அதனை வளமாகக் காணும் ஆய்வுகூடமோ வாங்குபவர் நாட்டில் இருந்தது.

உழைப்பே செல்வமனைத்திற்கும் மூலம் என்ற கூற்றை 1875 இல் கோதா வேலைத்திட்டத்தை விமரிசிக்கையில் மார்க்ஸ் மறுத்தார். பயன்பெறுமதிகளுக்கு இயற்கையும் உழைப்பைப் போன்றே மூலமாகும் என்பது அவர் துணிபு. இயற்கை மீதான உடைமை எவரிடத்து என்ற வினாவும் அங்கேயே எழுகின்றது. மணலைப் பொறுத்தவரை, அம்மணல் பற்றிய அறிவு எவரிடத்து என்பதையும் நாம் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

இலங்கையில் இவ்வறிவின் தொடக்க வரலாறு இலக்கிய மாணவருக்கும் உவப்பானது. 1903 இல் தொடங்கப்பெற்ற கனியவியல் அளவையின் முதற் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராகவே நாம் அறிந்த அவர் பயிற்சியாற் புவிச்சரிதவியலாளர். 1904 இல் அவர் கண்டெடுத்த கனியமொன்று, தோரியம் மிகுந்த புதுவகையென டன்ஸ்ரனால் உறுதிசெய்யப்பட்டுத் தோரியனைற் எனப் பெயர்பெற்றது. கனியம் தேடிக் கிராமங்கள்தோறும் சென்ற அவ்வலுவலர், காலனித்துவப் பொருளாதாரத்தினாற் சிதைந்துகொண்டிருந்த கைவினைஞர் வாழ்வையும் அங்கே கண்டார். அதன் விளைவான 'மத்தியகாலச் சிங்களக் கலை' 1908 இல், வில்லியம் மொறிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துக்கு உரியதாயிருந்த பொறியிலேயே அச்சாயிற்று. அவரது பிற்கால ஆன்மிக நோக்கு எமக்கு உடன்பாடன்று. இழந்த பழமையை இலட்சியப்படுத்தும் போக்கு அதில் உண்டு. ஆயினும் பாறையை அளந்த கண்ணே அப்பாறையின்மீது வாழ்ந்த மனிதரின் தொழிலையும் அளந்தது என்பது கவனத்திற்குரியது. பின்னாளில் இயற்கை விஞ்ஞானமும் மானிடவியற் கல்வியும் வெவ்வேறு கட்டடங்களிற் குடியேறியபோது இவ்விணைப்பு அறுந்தது.

சுதந்திரத்தின் பின் 1957 இல் அமைக்கப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனம் புல்மோட்டை மணலை அரச உடைமையில் அகழ வழிசெய்தது. 1992 முதல் அது லங்கா மினரல் சான்ட்ஸ் என்ற அரச கம்பனியாக இயங்குகின்றது. அங்கு நிகழும் தொழிலைச் சுருங்கக் கூறின், பிரித்தெடுத்தலேயாகும். சுருள்வடிவப் பாத்திகளில் நீரோடு ஓடவிட்டுப் பாரமான மணல் தனியாக்கப்படும். உலர்த்திய பின் காந்தம் இல்மனைற்றை ஈர்த்துக்கொள்ளும். எஞ்சியதில் மின்னைக் கடத்தும் றூற்றைல் ஒருபுறமும் கடத்தாத சேர்க்கன் மறுபுறமுமாக நிலைமின் முறையாற் பிரியும். இரசாயன மாற்றம் எதுவும் இங்கு நிகழ்வதில்லை. அது கப்பலேறியபின் பிறநாட்டில் நிகழ்வது. ஆகவே அறிவும் பெறுமதியும் மிகக் குறைவாகச் சேர்ந்த நிலையிலேயே இம்மணல் குச்சவெளியை விட்டு நீங்குகின்றது. உடைமை அரசினதாயிற்று, உற்பத்தியுறவின் காலனித்துவ வடிவம் அவ்வளவாக மாறவில்லை.

போர்க்காலம் இதனை வேறொரு வகையில் அம்பலப்படுத்தியது. 1997 செப்ரெம்பரில், புல்மோட்டைக் கடலில் மணலேற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிற்றி' என்ற கப்பல் கடற்புலிகளின் தாக்குதலில் மூழ்கியது. சீன மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர். அயற்கிராமங்களின் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் இடம்பெயர்வையும் இழப்பையும் அனுபவித்த அதே கரையில், உலகச் சந்தை தன் மூலப்பொருளை நாடியே நின்றது.

இதற்கு விடையாக இன்று பெரிதும் பேசப்படுவது 'பெறுமதி சேர்த்தல்'. 2005 இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இதனையே தன் குறிக்கோளாகக் கொண்டு, கனிய வளத் தொழில்நுட்பத்திற் பட்டநெறியும் நடத்துகின்றது. முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் திருவாங்கூர் அனுபவத்தை மறத்தலாகாது. 1946 இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட தைத்தேனியத் தொழிற்சாலை, மூலப்பொருளை உள்நாட்டிலேயே வெண்ணிறப் பொருளாக்கியது. கூடவே கந்தகவமிலக் கழிவையும் கடலிற் கலந்தது. பெறுமதி ஓரிடத்திற் சேர, அதன் நட்டம் மீனவர் கரையிற் சேர்ந்தது. எவருக்கு என்ற வினாவை ஒதுக்கிவிட்டுப் பெறுமதி சேர்ப்பதைப் பற்றி மட்டும் பேசும் கல்வி முதலாளிக்குரிய கணக்கியலாகவே முடியும்.

கரைவலை இழுப்போருக்கு மணல் எப்பருவத்தில் அரிக்கும், எப்பருவத்தில் மேடிடும் என்பது தெரியும். அகழ்வினால் கரை மாறும் முறையை முதலில் உணர்பவரும் அவர்களே. அரிசி போன்ற பருமணல் பரந்த கரையை அரிசிமலை என்று பெயரிட்டழைத்த மக்கள், துணிக்கையின் பருமனைக் கொண்டு கரைகளை வகைப்படுத்தியவர்களன்றோ? இத்தகைய அறிவு ஆய்வேடுகளில் 'தகவலாளி' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றது. அவ்வேடுகளும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், தகவல் தந்தவர் அதனைத் திரும்பப் பெறுவதில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், நிலாவெளிப் பக்கத்துக் கோணேசபுரியில், குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் செல்லும் அதே கரையோர வீதியை அண்டி அமைந்துள்ளது. பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடலும் வணிகமும், சித்த மருத்துவம் ஆகியன அங்கு கற்பிக்கப்படுகின்றன. கனிய மணலை ஆராய இவை பொருந்தாத் துறைகள் போலத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மணலின் விலை எங்கே, யாரால் நிர்ணயிக்கப்படுகின்றது என்பதை வணிகம் பயில்வோர் ஆராயலாம். அகழ்வு அறிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் கிராமத்தவர் முன் வைப்பது தொடர்பாடல் பயில்வோர் பணியாகலாம். சித்த மருத்துவமோ பாடாணம் அறுபத்துநான்கு, உபரசம் நூற்றிருபது எனக் கனியங்களைப் பெயரிட்டு வகுத்துச் சுத்திசெய்யும் முறைகளைத் தமிழிலேயே பேணிவந்த துறை. அவ்வகுப்பு இன்றைய கனியவியலின் வகுப்போடு எங்கே ஒத்துப்போகின்றது, எங்கே முரண்படுகின்றது என்று ஒப்பிட்டுத் தொகுக்கும் வேலையை, அவ்வளாகத்தின் விஞ்ஞான மாணவரும் சித்த மருத்துவ மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து புல்மோட்டை மணலின் ஒரு பிடியிலிருந்தே தொடங்க முடியும்.