கியூத்தாக்கொங்காஸ் நீரோட்டம்
ஓவுலாங்கா தேசியப் பூங்கா, பின்லாந்து

ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கே, ஊசியிலைக் காடுகளுக்கு நடுவே நிற்கிறீர்கள். எதிரே நுரைத்து இறங்குவது ஓவுலாங்கா ஆறு. கரையில் செங்குத்தாக எழும் சிவந்த சுவர் டோலமைட் பாறை. ஆறு இங்கிருந்து கிழக்கே ரஷ்ய எல்லையைக் கடந்து பானயார்வி ஏரியில் சேர்கிறது. அதன் நீர் கடைசியில் வெண்கடலை அடைகிறது. அந்த ஏரியில் வளரும் டிரவுட் மீன்கள் முட்டையிட எதிர்நீச்சலிட்டு இந்தப் பக்கம் வருகின்றன.

பாறையின் சுண்ணாம்புச் சத்து மண்ணில் இறங்குவதால்தான், வடக்கின் பிற காடுகளில் அரிதான செடிகள் இங்கே செழிக்கின்றன. பூங்காவின் சின்னமான கலிப்சோ ஆர்க்கிட் அவற்றுள் ஒன்று. மே இறுதியிலும் ஜூனிலும் ஸ்புரூஸ் மர நிழலில், பாசிக்கு மேலே தேடுங்கள்: தரையோடு ஒரே ஓர் இலை, விரல் நீளத் தண்டு, நுனியில் ஒற்றை இளஞ்சிவப்புப் பூ. அதில் தேன் கிடையாது. நிறத்தையும் மணத்தையும் நம்பி வரும் வண்டுத்தேனீ மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது. இவ்வளவு அழகான பூவைக் குனிந்து பார்க்காமல் போய்விடாதீர்கள்.

1956இல் உருவான இப்பூங்கா வழியே 82 கி.மீ. நீளக் 'கரடி வட்டம்' நடைபாதை செல்கிறது. கலிப்சோ சட்டப்படி பாதுகாக்கப்பட்ட செடி. பறிக்காதீர்கள், படம் எடுப்பதற்காகக்கூடப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.