ஆறிய இன்ஜினில்தான் கோளாறு தெரியும்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், சீட் கவரைப் பார்க்கிறார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்க்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், அன்று இன்ஜினைச் சோதித்துப் பயனில்லை. தேய்ந்த இன்ஜினின் பெரிய கோளாறுகள் பலவும், இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்யும் முதல் ஒரு நிமிடத்தில்தான் வெளியே வரும். ஆகவே போனிலேயே சொல்லிவிடுங்கள்: “காலையில வர்றேங்க, நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க.”

உலோகம் சூட்டில் விரியும். அலுமினிய பிஸ்டன் குளிர்ந்த நிலையில் சற்றுச் சுருங்கியிருக்கும். சிலிண்டரும் தேய்ந்திருந்தால் இடைவெளி அதிகமாகி, ஸ்டார்ட் செய்ததும் ‘டக் டக்’ என்று தட்டும். சில நிமிடம் ஓடியதும் பிஸ்டன் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும், சத்தமும் அடங்கிவிடும். தேய்மானம் மட்டும் அப்படியே இருக்கும்.

புகையின் நிறம்

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வால்வுத் தண்டைச் சுற்றி ஒரு சிறிய ரப்பர் சீல் உண்டு. 3,000 ஆர்பிஎம் வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இந்த உரசலிலும் சூட்டிலும் சீல் நாளடைவில் இறுகிப்போகும். இரவில் வண்டி நிற்கும்போது அதன் வழியே ஆயில் சொட்டி சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் அது எரிந்து, சில நொடிகள் நீலமாகப் புகைந்து, பிறகு மறைந்துவிடும். இது ஓரளவு செலவில் சரியாகிவிடும். ஆனால் ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் நேரமெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ரிங் மாற்றுவதென்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும்.

வெள்ளைப் புகையைக் கண்டு உடனே பயப்பட வேண்டாம். குளிர்ந்த காலையில் சைலன்சருக்குள் தேங்கிய ஈரம் ஆவியாகி வெளியேறும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அது நிற்காமல், இனிப்பான வாடையும் அடித்தால், எரிவது கூலன்ட். கறுப்புப் புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. அடைத்த ஏர் ஃபில்டரிலிருந்து பழுதான இன்ஜெக்டர் வரை காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

டீசல் வண்டியில் காலை ஸ்டார்ட் இன்னும் முக்கியம். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தில் எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ரிங் தேய்ந்தால் அழுத்தம் கசியும், சூடு போதாது. செல்ஃப் நெடுநேரம் சுற்றினால்தான் வண்டி எடுக்கும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்கள்.

மூடிக்குள் தெரியும் உண்மை

கூலன்ட் மூடியையும் ஆறிய இன்ஜினில் மட்டுமே திறக்கலாம். ஓடும் இன்ஜினில் கூலன்ட் அழுத்தத்துக்கு உட்பட்டிருப்பதால், 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அது சட்டென்று கொதித்து முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

பழைய வண்டிகள் பலவற்றில் இன்ஜின் பிளாக் இரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே சிக்கிய ஹெட் கேஸ்கெட் இந்த இழுபறியை ஒவ்வொரு பயணத்திலும் தாங்க வேண்டும். வண்டி ஒருமுறை கடுமையாக ஹீட் ஆகியிருந்தால் ஹெட்டே வளைந்துபோகும். மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கூலன்ட்டில் இடைவிடாமல் குமிழி வந்தால், எரிந்த வாயு அதற்குள் கசிகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது.

சூடேறிய பிறகு

அடுத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஏசியைப் போட்டு நெரிசலில் நிறுத்தும்போதும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ‘கட கட’ சத்தம் கேட்டால், முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. நான்காம் கியரில் மிதிக்கும்போது ஆர்பிஎம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் காதும் கண்ணும் உதவாது. எந்த அறிகுறியும் காட்டாமல் பெல்ட் அறுந்துவிடலாம். பல இன்ஜின்களில் அப்போது வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். மாற்றியதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவி, புது கார்பெட் போட்டு மினுக்கிவிடலாம். ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை அப்படியே இருக்கக்கூடும். ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

எதற்குப் பேரம், எதற்கு மறுப்பு

பிரேக் பேட், புஷ், பேட்டரி, டயர் எல்லாம் தேய்ந்து மாற்றுவதற்கென்றே உள்ளவை. அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம். ஹெட் கேஸ்கெட், ரிங், வெள்ளம் ஆகிய மூன்றுக்கும் பேரமே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். சந்தேகம் மிஞ்சினால் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10–15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய காரில் போடுவது பெரும்பாலும் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம். அதை எண்ணிக் கொடுப்பதற்கு முன், மெக்கானிக்கின் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள்.