பொதுமக்களுக்குத் திறந்த பல்கலைக் கழகம்

பல்கலைக் கழகம் என்றதும், தேர்வில் தேறிய இளைஞர் மட்டுமே புகத்தக்க இடம் என்னும் எண்ணமே பலர் மனத்தில் எழுகிறது. உழவரும் தொழிலாளரும் தம் குழந்தைகளுடன் அதன் விரிவுரை மண்டபத்தில் அமரலாம் என்றால் நம்புவோர் சிலரே. ஆனால், அமெரிக்காவிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் இது நெடுநாளைய வழக்கமாகும்.

அங்கு இரசாயனப் பேராசிரியர் பசாம் ஷகாஷிரி, 1970ஆம் ஆண்டில் கிறிஸ்துமஸ் காலச் சோதனை விளக்கச் சொற்பொழிவைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார். லெபனானில் பிறந்து, 1957இல் அமெரிக்காவில் குடியேறியவர் அவர். பௌதிகப் பேராசிரியர் கிளின்ட் ஸ்பிராட், 1984இல் 'பௌதிக விந்தைகள்' என்னும் காட்சியைத் தொடங்கினார். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து காணும்படி இவை அமைந்தன.

இவை கண்கட்டு வித்தைகளா? அல்ல. இத்தகைய மேடைகளில் செய்யப்படும் சோதனை ஒன்றைப் பார்ப்போம். காரமும் நிறங்காட்டியும் கலந்த நீரை உயரமான கண்ணாடிக் குவளையில் நிரப்பி, அதில் உலர்பனிக்கட்டித் துண்டுகளைப் போடுவர். நீர் கொதிப்பதுபோல் குமிழியிடும். வெண்ணிற மூடுபனி வழியும். சற்று நேரத்தில் நீரின் நிறமே மாறிவிடும். உலர்பனிக்கட்டி என்பது உறைந்த கரியமில வாயு. அது நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகிக் காரத்தின் தன்மையைப் போக்குகிறது. அதனால் நிறங்காட்டி நிறம் மாறுகிறது. செப்பிடு வித்தைக்காரன் காரணத்தை மறைப்பான். ஆசிரியரோ காரணத்தைத் தேடச் செய்வார். இதுவே வேறுபாடு.

இம்மரபின் மூத்த வடிவம் இலண்டனிலுள்ள இராயல் இன்ஸ்டிடியூஷனில் தோன்றியது. கொல்லர் மகனும், புத்தகம் கட்டும் தொழில் பழகியவருமான மைக்கேல் பாரடே, 1812இல் அங்கே ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் அளித்த நுழைவுச் சீட்டே அவரை உள்ளே அனுமதித்தது. கேட்டவற்றை எழுதி, புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார்; 1813இல் அங்கேயே உதவியாளரானார். 1825இல் அந்நிறுவனம் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. பாரடே மட்டும் 19 தொடர்களை நிகழ்த்தினார்.

அந்தச் சீட்டு கிடைத்திராவிட்டால் உலகம் ஒரு பேரறிஞரை இழந்திருக்கும். ஆகவே, அறிவின் வாயில் ஒருவர் தயவால் மட்டுமே திறப்பதாக இருத்தலாகாது.

விஸ்கான்சின் பல்கலைக் கழகம் இதனை முன்பே உணர்ந்திருந்தது. ஒரு காலத்தில் அங்குள்ள பால் நிலையங்கள் எடையைக் கொண்டே விலை கொடுத்தன. அதனால் பாலில் நீர் கலந்தவன் இலாபமடைந்தான்; நேர்மையாளன் நட்டமடைந்தான். 1890இல் அப்பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் ஸ்டீபன் பாப்காக், பாலிலுள்ள கொழுப்பை அளக்கும் எளிய முறையைக் கண்டார். அதற்குக் காப்புரிமை பெறாமல், எல்லோரும் பயன்படுத்துமாறு விட்டுவிட்டார். பல்கலைக் கழகத்தின் நன்மை மாநிலத்திலுள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் அடையவேண்டும் என்பதே அதன் தலைவராயிருந்த சார்ல்ஸ் வான் ஹைஸின் கொள்கை. 1905இல் அவர் இதனை வெளிப்படையாகக் கூறினார். குழந்தைகளுக்கான காட்சிகளும் அக்கொள்கையின் வழி வந்தவையே.

இத்தகைய கல்வியை வீட்டிலும் தொடங்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுத்து, அதில் குழாய் வழியே பெரியவர் ஒருவர் மெல்ல ஊதினால் அது பால்போல் வெண்மையாகும். மூச்சிலுள்ள கரியமில வாயுவே அதற்குக் காரணம். அந்நீரை உறிஞ்சாமலும், கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ஏன் இப்படி ஆயிற்று?' என்று குழந்தை கேட்கும். பெற்றோர் பட்டம் பெற்றவராயிருக்க வேண்டியதில்லை. அக்கேள்வியை அடக்காமல், உடனிருந்து விடை தேடினாலே போதும்.