பத்து சென்ட் புத்தகம் ஐந்து டாலரான கதை



மளிகைக்கும் பலசரக்குக்கும் உரிய நமது இதழில் அமெரிக்கப் படக்கதைப் புத்தகங்களுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது. சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் என்று நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள்கூட அறிந்த பெயர்களைத் தாங்கிய அந்தச் சரக்கு, ஒரு காலத்தில் நம்மைப் போன்ற சில்லறைக் கடைகளில்தான் விற்றது. இன்று அதைப் பல வருடமாக வாங்கிவரும் வாடிக்கையாளர்களே, விலை கட்டவில்லை, கதை இருண்டுபோய்விட்டது, பிள்ளைகள் கையில் கொடுக்க முடியவில்லை என்று குறைப்படுகிறார்கள். உலகம் முழுவதும் பெயர் பெற்ற சரக்கு ஒன்று இந்த நிலைக்கு எப்படி வந்தது என்பது வியாபாரம் செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கடையில் சுழன்ற கம்பித் தாங்கி

1938இல் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் விலை 10 சென்ட். பக்கம் 64. அடுத்த இருபது வருடங்களுக்கு மேல் பெரும்பாலான படக்கதைகளின் விலை அதே 10 சென்ட்தான். விலையை ஏற்றாமல் பக்கத்தைக் குறைத்துக்கொண்டே வந்து பாதியாக்கினார்கள். விலையை நிறுத்தி எடையைக் குறைக்கும் வித்தை நமக்கும் தெரிந்ததுதானே!

மருந்துக்கடை, மளிகைக்கடை, பத்திரிகைக் கடை, பேருந்து நிலையம் எல்லாவற்றிலும் ஒரு சுழலும் கம்பித் தாங்கி நிற்கும். அம்மா சாமான் வாங்கும் நேரத்தில் பிள்ளை அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். மீதிச் சில்லறையில் ஒரு புத்தகம் வீட்டுக்குப் போகும். விற்காத பிரதியைக் கடைக்காரர் திருப்பிவிடலாம். அவருக்கு நஷ்டம் இல்லை. இந்த ஏற்பாட்டில் 1960களின் நடுவில் 'சூப்பர்மேன்' இதழ் சராசரியாக 8 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அந்தக் காலத்தை அப்படியே புகழ்ந்துவிடவும் கூடாது. சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்களும் அதன் முழு உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். மலிவு விலைக்குப் பின்னால் உழைத்தவர்களின் வயிறும் இருந்தது.

திருப்பி எடுக்காத சரக்கு

10, 12 சென்ட் புத்தகத்தில் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்? வேறு சரக்கு வைத்தால் அதே இடத்தில் கூடுதல் லாபம் கிடைக்கும் என்று கம்பித் தாங்கியை ஓரங்கட்ட ஆரம்பித்தார்கள். பதிப்பாளருக்கோ திரும்பி வரும் பிரதிகள் பெரும் தலைவலி. திரும்பி வந்ததாகக் கணக்கு எழுதிவிட்டு, பின்வாசல் வழியாக விற்ற விநியோகஸ்தர்களும் இருந்தார்கள்.

1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபில் சூலிங் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். கமிஷனைக் கூட்டிக் கொடுங்கள், விற்காததைத் திருப்ப மாட்டோம் என்பதே அது. இரு தரப்புக்கும் அது ஒத்துவந்தது. படக்கதைக்கென்றே தனிக்கடைகள் ஊர் ஊராக முளைத்தன. 1981இல் மார்வெல் நிறுவனம் 'டாஸ்லர்' என்ற இதழை இந்தத் தனிக்கடைகளுக்கு மட்டும் அனுப்பியது. முதல் இதழ் 4 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. இனி மளிகைக்கடையும் மருந்துக்கடையும் வேண்டாம் என்ற தெம்பு பதிப்பாளர்களுக்கு வந்துவிட்டது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். தனிக்கடையைத் தேடிப் போகிறவர் ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்பவர். சாமான் வாங்க அம்மாவோடு வந்த பத்து வயதுப் பிள்ளை அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. வாடிக்கையாளர் கூட்டம் அப்படியே நின்றது. வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைக்காரரும் வளர்ந்தவர்கள் கேட்ட சரக்கையே வைத்தார்.

இருள் வந்த வழி

1954 முதல் 'காமிக்ஸ் கோட்' என்ற தணிக்கை முத்திரை இல்லாத படக்கதையை மொத்த வியாபாரிகள் பொதுவாகத் தொடமாட்டார்கள். தனிக்கடைக்கு அந்த முத்திரை தேவைப்படவில்லை. 1986இல் ஃபிராங்க் மில்லரின் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' வந்தது. வயதான, கோபக்கார பேட்மேனின் கதை. அதே வருடம் ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' தொடங்கியது. இரண்டும் தரமான சரக்கு, இன்றும் விற்கின்றன. பெரியவர்களுக்குப் பெரியவர்கள் எழுதியது என்பதில் தவறில்லை.

தவறு பின்னால் வந்தவர்களுடையது. அந்த இரண்டில் இருந்த அறிவை விட்டுவிட்டு ரத்தத்தையும் வெறுப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1988இல் பேட்மேனின் துணைவனான ராபின் சாகவேண்டுமா பிழைக்கவேண்டுமா என்று தொலைபேசியில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஒரு அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். 72 வாக்கு வித்தியாசத்தில் அந்தப் பையனைச் சாகடித்தார்கள். 2004இல் 'ஐடென்டிட்டி கிரைசிஸ்' கதையில் ஒரு நாயகனின் மனைவி கொல்லப்பட்டார். 2006இல் 'சிவில் வார்' கதையில் நாயகர்களே இரண்டு அணியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். 2007இல் ஸ்பைடர்மேன், அத்தையின் உயிரைக் காப்பாற்ற, ஒரு பிசாசிடம் தன் திருமண வாழ்க்கையையே கொடுத்துவிட்டான். வருடக்கணக்கில் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். நல்லவன் ஒருவன் துணிந்து நல்லது செய்வதைப் படிக்கத்தானே காசு கொடுத்தோம் என்ற அவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மிளகாய்த்தூள் நன்றாக விற்கிறதென்று பருப்பு, அரிசி, சர்க்கரை எல்லாவற்றிலும் காரம் கலந்தால் யார் வாங்குவார்கள்?

விலையும் கட்டுச் சரக்கும்

விலையைப் பாருங்கள். 1981இல் 50 சென்ட். 1988இல் பெரும்பாலும் 75 சென்ட். 2000இல் இரண்டேகால் டாலர். இன்று 3.99, 4.99 டாலர். 1961இன் 10 சென்ட் இன்றைய மதிப்பில் சுமார் ஒரு டாலர். எல்லாப் பொருளும் ஏறியதைக் கழித்துப் பார்த்தாலும் நான்கு மடங்குக்குக் குறையாத ஏற்றம். 2011இல் டி.சி. நிறுவனம் விலையை 2.99 டாலரில் நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. அதற்காகக் கதைப் பக்கம் 22இலிருந்து 20 ஆனது. பிறகு விலையும் ஏறிவிட்டது.

முன்பு ஒரு புத்தகத்தில் ஒரு கதை முடிந்துவிடும். இப்போது ஒரு கதை ஐந்து, ஆறு இதழுக்கு நீள்கிறது. ஆறு இதழ் 4.99 வீதம் கிட்டத்தட்ட 30 டாலர். அதற்கு மேல், பெரிய கதை ஒன்று வந்தால் அதன் கிளைகள் வேறு பல இதழ்களில் ஓடும். அவற்றையும் வாங்கினால்தான் முழுதாகப் புரியும். ஓடுகிற சரக்கோடு ஓடாத சரக்கைக் கட்டித் தலையில் வைக்கும் கம்பெனிகளை நாம் அறிவோம். அதே தந்திரம்தான்.

பதிப்பாளர் பக்கமும் ஒரு வாதம் உண்டு. பிரதி குறைந்தால் அடக்கவிலை ஏறும். தாளும் அச்சும் முன்னைவிட உயர்ந்த ரகம். ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் நியாயமான கூலி கொடுக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் விற்பனை குறைந்ததால் விலை ஏறுகிறது, விலை ஏறியதால் விற்பனை குறைகிறது என்ற வட்டத்துக்குள் விழுந்த சரக்கு எழுந்திருப்பது கடினம். 8 லட்சம் விற்ற இடத்தில் இன்று ஒரு லட்சம் பிரதி போனாலே பெரிய வெற்றி.

பதுக்கல் வியாபாரம்

இடையில் ஒரு பேராசைக் காலமும் வந்தது. பழைய இதழ்கள் ஏலத்தில் பெரும் விலைக்குப் போவதைப் பார்த்து, புதிய இதழ்களைப் பிரிக்காமல் பெட்டி பெட்டியாகப் பதுக்க ஆரம்பித்தார்கள். 1991இல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து விதமான அட்டையுடன் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. 80 லட்சம் வாசகர் இல்லை. ஒருவரே ஐந்து, பத்து என்று வாங்கினார். 1992 நவம்பரில் சூப்பர்மேன் சாகும் இதழைக் கறுப்பு உறையில் போட்டு விற்றார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு என்ன விலை கிடைக்கும்? சந்தை சரிந்தது. திருப்ப முடியாத சரக்கு கடைகளில் முடங்கியது. ஏராளமான தனிக்கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பல வருடம் இந்தத் துறையின் பிரதான மொத்த விநியோகஸ்தராக இருந்த டயமண்ட் நிறுவனமும் 2025 ஜனவரியில் அதே வழியில் போனது. பேராசை பெருநஷ்டம்.

பிள்ளைகள் எங்கே போனார்கள்?

பிள்ளைகள் படிப்பதை விட்டுவிட்டார்கள் என்று சாக்குச் சொல்லவும் முடியாது. 2010இல் ரெய்னா டெல்கெமையர் எழுதி வரைந்த 'ஸ்மைல்', 2016இல் டேவ் பில்கி தொடங்கிய 'டாக் மேன்' ஆகிய படக்கதைகள் அமெரிக்கச் சிறுவர்களிடம் மிகப்பெரிய அளவில் விற்றன. அவை முழுக்கதை கொண்ட புத்தகங்கள். பள்ளிக்கூடப் புத்தகக் கண்காட்சியிலேயே கிடைப்பவை. ஆர்ச்சி படக்கதையின் சிறு தொகுப்புகள் பல வருடங்களாகப் பேரங்காடிகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே விற்றுவந்தன. பிள்ளை போகும் இடத்தில், பிள்ளைக்கு ஏற்றதாக, கதை முடிகிற புத்தகம் வைத்தவர் விற்றார். பெரிய நிறுவனங்களும் தாமதமாகப் புரிந்துகொண்டன. 2024இல் டி.சி. நிறுவனம் முழுக்கதைகளைச் சிறிய அளவில் 9.99 டாலருக்கு வெளியிடத் தொடங்கியது. விலை குறைப்பு நல்ல ஆரம்பம். ஆனால் அந்த வரிசையிலும் பெரியவர்களுக்கான 'வாட்ச்மென்' முன்னால் நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கான தட்டு இன்னும் நிரம்பவில்லை.

நமக்கு இதில் மூன்று பாடம் உண்டு. அதிகம் வாங்கும் பழைய வாடிக்கையாளரை மட்டும் பார்த்துச் சரக்குப் போடக்கூடாது. அதிகக் கமிஷன் என்றவுடன், திருப்பி எடுக்காத சரக்கை அளவுக்கு மீறிக் கொள்முதல் செய்யக்கூடாது. கல்லாவுக்கு முன்னால் இருக்கும் மிட்டாய் பாட்டிலில் லாபம் சொற்பம்தான். ஆனாலும் அதை எடுத்துவிடக்கூடாது. அந்த மிட்டாய்க்காக வரும் பிள்ளைதான் இருபது வருடம் கழித்து மாதச் சாமான் சீட்டோடு நம் கடைப் படி ஏறப்போகிறவர்.